ஞாயத்துச் சோறு

தர்மபுரியில் சோடா குடித்த எவருக்கும் ஸ்தனிஸ்லாஸைத் தெரியும். அந்தப் பெயரை முழுதாக உச்சரித்தவர் மாதாகோயில் சாமியார் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவர் தனுசு. கொஞ்சம் மரியாதை காட்ட நினைத்தவர்களுக்குத் தனுசண்ணன். குட்டை, அகலமான தோள். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருக்கும். கேஸ் ஏற்றும்போது பாட்டில் வெடித்த இடம் அது. யாராவது கேட்டால், "கண்ணுக்கு ஒரு வெரக்கடை மேலங்க, மாதா காப்பாத்துனா" என்பார். வெடித்தது ரோஸ் கலர் என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொல்வார்.

பிறந்தது கோவிலூர்ப் பக்கம். கேழ்வரகும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம். அவர் வீட்டுக்கு அந்த மேட்டு நிலமும் போதாது. அடுத்தவர் மாட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்துத்தான் குடும்பம் ஓடியது. வாரம் என்றால், மாடு கொடுத்தவருக்கு, வளர்ப்பு இவர்களுக்கு, கன்று ஒன்றுவிட்டு ஒன்று பங்கு. இருபது வயதில் தனுசு மாடுகளை அண்ணன்களிடம் விட்டுவிட்டுச் சேலத்துக்குப் போய் ஒரு சோடாக்கடையில் சக்கரம் சுற்றினார். அங்கிருந்து ஒரு பழைய மெஷினோடு திரும்பிச் சந்தைப்பேட்டைக்குப் பின்னால் கடை வைத்தார். மிக்கேலம்மாளைக் கட்டியது அதற்கடுத்த தை மாதம். அவள் எலத்தகிரிக்காரி. பாட்டில் கழுவும் தொட்டி அவளுடையது. கடையின் வாயும் அவளுடையதுதான். தனுசு பேசுவதற்கு முன் ஒருமுறை மெஷினைப் பார்ப்பார். அதற்குள் அவள் பேசி முடித்திருப்பாள்.

முப்பத்தாறாம் வருஷம் பட்டணத்திலிருந்து ஒரு கம்பெனி ஏஜெண்டு வந்தார். அன்னம் மார்க் கலர் கம்பெனி, சூளை, சென்னப்பட்டணம். கண்ணாடியிலேயே அன்னப்பறவை எழும்பி நிற்கும் பாட்டில்களை அவர்கள் தருவார்கள்; எசன்ஸும் தருவார்கள். தனுசு தம் மெஷினில் கலர் செய்து அந்தப் பெயரில் விற்கலாம். தர்மபுரி தாலுக்கா முழுவதற்கும் அவர் ஒருவர்தான் அன்னம் மார்க். பதிலுக்கு அவர் வேறு எந்தப் பெயரிலும் விற்கக் கூடாது.

ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. ஏஜெண்டு ஒவ்வொரு சரத்தாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிச் சரத்துக்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மற்ற ஊர்களில் வியாபாரிகள் நின்று யோசிக்கிற இடம் அது.

"இதன் கீழே எந்தத் தகராறு வந்தாலும் சென்னப்பட்டணத்துக் கோர்ட்டில் மட்டும்தான் விசாரிக்கப்படும். வேறு ஊர்க் கோர்ட்டுக்குப் போகக் கூடாது."

"அதுக்கென்னுங்க, மொறைதானே" என்றார் தனுசு. "குடுத்தவங்க ஊர்லதானுங்களே ஞாயம்?"

ஏஜெண்டு பேனாவை நீட்டினார். இவ்வளவு சுலபமாக அந்தச் சரத்தை யாரும் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை.

தனுசு சொன்னது வாரத்து மாட்டு வழக்கம். அவர் பக்கத்து ஊர்களில் மாட்டைக் கொடுத்தவனுக்கும் வளர்த்தவனுக்கும் தகராறு வந்தால், கொடுத்தவன் ஊரில்தான் கூடிப் பேசுவார்கள். வளர்த்தவன் நடந்து போக வேண்டும். ஆனால் அவன் போய் இறங்குவது கொடுத்தவன் வீட்டில். ஞாயம் முடிகிறவரை அவனுக்குச் சோறும் பாயும் கொடுத்தவன் பொறுப்பு. சோறு போட்டுவிட்டதால் ஞாயத்தை விட்டுக்கொடு என்று கேட்க முடியாது. ஞாயத்துச் சோத்துக்கு நன்றி கெடையாது என்று ஒரு பேச்சே உண்டு. கொடுத்தவன் எத்தனை நாள் இழுத்தாலும் அத்தனை நாளும் அவன் வீட்டு உலைதான் கொதிக்க வேண்டும். ஆகையால் அந்தப் பக்கத்தில் ஞாயங்கள் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்தன.

அடுத்த வருஷம் புரட்டாசி வாக்கில் சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடைகளை மூடினார்கள். சந்தை முடிந்து போகிறவர்கள் கையில் என்ன செய்வதென்று தெரியாத ஒரு சாயங்காலம் மிஞ்சியது. அதில் கொஞ்சத்தை டீக்கடை எடுத்துக்கொண்டது, கொஞ்சத்தைத் தனுசு. கள்ளுக் குடித்தவன் ரோஸ் கலர் குடித்துவிட்டு ஏப்பம் விடுவதைப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். "ஏறுதா மாமா?" என்று கேட்பார்கள். "மூக்குக்கு ஏறுது, தலைக்கு ஏறல" என்பான் அவன்.

இருந்தாலும் சந்தை வியாபாரம் கடையை மூடாமல் வைக்கத்தான் ஆகும். அவர் வருஷம் ஓடியது ஒகேனக்கல்லில். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் மூன்று நாள் நிற்கிற ஜனம். பென்னாகரத்தில் ஒரு நாள் தங்கி, மாட்டுவண்டியில் மலையிறக்கம் இறங்கி, பாட்டில்களை மீன்வலையில் கட்டிக் காவேரியில் முக்கி வைப்பார். ஆறே அவருக்கு ஐஸ்பெட்டி. அந்த மூன்று நாளில் வந்ததைக் கொண்டுதான் எசன்ஸும் கேஸும் மறு ஆடி வரை. ஆறு இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் மறுபடி அடுத்தவன் மாடு. இதைக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆடி நெருங்கும்போது மிக்கேலம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள்வாள், அவ்வளவுதான்.

முப்பத்தொன்பதாம் வருஷம் ஆடிக்கு அவர் வண்டி இறங்கியபோது, பரிசல் துறைக்கு மேலே, அவர் வழக்கமாகப் பந்தல் போடுகிற இடத்தில் பந்தல் இருந்தது. பலகைமேல் வரிசையாக அன்னப்பறவைகள் நின்றன. பின்னால் பென்னாகரம் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தார். ஐந்து கள்ளுக்கடைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். மூடியபின் வெள்ளைச் சட்டையும் விரல் மோதிரமுமாகச் சும்மா இருந்தார்.

"வா தனுசு. கலர் குடிக்கிறியா?"

தனுசு ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எந்தூரு அன்னம்ணா?"

"உன் அன்னத்துக்குப் பங்காளி அன்னம். குடி, காசு வேணாம்."

"தாலுக்கா பூராவும் எனக்குன்னுதான் எழுத்து."

"உனக்கு எழுதுன அதே கை எனக்கும் எழுதிக் குடுத்துருக்குது. பென்னாகரமும் ஆறும் எனக்கு. தர்மபுரிச் சந்தையும் அங்க மொய்க்கிற ஈயும் உனக்கு. போதாதா?"

பரிசல்காரர்கள் துடுப்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஏன் சண்டை?" என்றான் ஒருவன். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டிலை ஆத்துல வுடுங்க. எது முன்னாடி மேட்டூர் டேமுக்குப் போவுதோ அவனுக்கு ஆறு."

தனுசு சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார். மலையேற்றத்தில் மாடுகள் திணறின. ஒரு பாட்டில்கூடக் குறையாத பாரம்.

தர்மபுரி வக்கீல் சேஷகிரி ராவ் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, வழக்கு நல்ல வழக்கு என்றார். தாலுக்கா முழுதும் என்று எழுதிவிட்டு ஒரு துண்டை வெட்டி இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தார். மீறல் நடந்தது இந்தக் கோர்ட்டின் எல்லைக்குள். ஆகையால் விசாரணையும் இங்கேதான் என்பது அவர் வாதம். கம்பெனிக்காகச் சேலத்திலிருந்து வந்த வக்கீல் தாலுக்காவைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிச் சரத்தை மட்டும் படித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். முன்சீப் பிராதைத் தள்ளவில்லை; உரிய கோர்ட்டில் கொடுத்துக்கொள்ளும்படி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வக்கீல் வீட்டில் மிக்கேலம்மாளும் இருந்தாள்.

"ஏனுங்க, ஆறு இங்க ஓடுது. கலர் இங்க வித்துது. திருட்டு இங்க நடந்துது. பட்டணத்துல ஒக்காந்துருக்கற தொரைக்கு ஒகேனக்கல் கெழக்கா மேக்கான்னு தெரியுமா?"

"அதைத்தாம்மா நானும் கேட்டேன். கொஞ்சம் மரியாதையாக் கேட்டேன்" என்றார் ராவ். பிறகு தனுசிடம் திரும்பினார். "பாருப்பா. சம்பந்தமே இல்லாத ஊர்க் கோர்ட்டை எழுதியிருந்தா, அது செல்லாதுன்னு அடிச்சிருப்பேன். கம்பெனி இருக்கறது பட்டணம், நீ இங்க போட்டாலும் கம்பெனி கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் முடிவானது பட்டணம். அந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு, இந்தக் கோர்ட்டுக்கும் உண்டு. ரெண்டுல ஒண்ணு போதும்னு நீயே கையெழுத்துப் போட்டுட்டே. மத்தது மூடிப்போச்சு."

"முன்சீப் எசமான் சொன்னது சரிதானுங்க" என்றார் தனுசு.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தோற்ற கட்சிக்காரன் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"சரியோ தப்போ, அவன் எதுக்கு அதை எழுதறான்னு புரிஞ்சுக்கோ. பட்டணத்துல உனக்கு ஒரு வக்கீலை நான் ஏற்பாடு பண்ணிடுவேன், என் சிநேகிதன். ஆனா வாய்தா வாய்தாவா இழுப்பான். ஒவ்வொண்ணுக்கும் நீ ரயிலேறணும். ஹோட்டல்ல தின்னணும், ரூம் எடுத்துப் படுக்கணும். மூணாவது வாய்தாவுல நீயே விட்டுட்டு வந்துடுவே. கேஸ்ல ஜெயிக்கறதுக்கு இல்ல அந்தச் சரத்து, கேஸே நடக்காம இருக்கறதுக்கு."

"ஓட்டல் எதுக்குங்க?" என்றார் தனுசு.

அதற்குள் வாசலில் அடுத்த கட்சிக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வக்கீலின் பார்வை அங்கே போய்விட்டது. கேள்வி அப்படியே நின்றது.

புறப்படுகிற அன்று மிக்கேலம்மாள் புளிச்சோறு கட்டினாள். அவர் வாங்க மறுத்தார்.

"ஞாயத்துக்குப் போறவன் கட்டுச்சோறு கொண்டுக்கிட்டா போவான்? அந்த வூட்டைக் கேவலப்படுத்தற மாதிரி ஆவாதா?"

"எந்த வூட்டை?"

"கம்பெனிக்காரங்க வூட்டை."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "பட்டணத்தானுக்கு உங்கூர் மாட்டு வழக்கம் தெரியுமா? எங்கூர்லயே அது கெடையாது."

"தெரியாமயா எழுதுவான்? எங்கூருக்கு வந்து பேசுன்னு அவனேதான எழுதியிருக்கான். வரச் சொன்னவன் சோறு போட மாட்டானா?"

"போடுவான் போடுவான், வாய்க்கரிசி" என்றாள். சோற்றுப் பொட்டணத்தைப் பக்கத்துவீட்டுக் குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.

தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்குச் சின்ன ரயில். மேடு வந்தால் இறங்கி நடக்கிறவர்கள் அதற்கு முன்னால் போய்விடுவார்கள். மொரப்பூரில் பெரிய ரயில் மாறி, மறுநாள் காலை சென்ட்ரலில் இறங்கினார். சூளைக்கு வழி கேட்டுக்கொண்டே நடந்தார்.

கம்பெனி முதலாளி தணிகாசல முதலியார் வீடு முன்னால். கம்பெனிக் கொட்டகை பின்னால். தனுசு வாசல் வராந்தாவில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். குளித்துவிட்டு வெளியே வந்த முதலியார் அவரைப் பார்த்தார்.

"யாருப்பா நீ? இன்னா வோணும்?"

"தர்மபுரிங்க. ஸ்தனிஸ்லாசு. ஞாயத்துக்கு வந்துருக்கேனுங்க."

முதலியாருக்குப் பெயர் ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கேஸ் போட்ட ஆளா? கோர்ட்டு இங்க இல்லப்பா. ஐகோர்ட்டு காம்பவுண்டுக்குப் போ."

"கோர்ட்டுக்கு நாளைக்குப் போறேனுங்க. இன்னிக்கு வந்து எறங்கியிருக்கேன்."

"எறங்கியிருக்கேன்னா?"

"உங்க வூட்டுலங்க."

முதலியார் மானேஜரைக் கூப்பிட்டார். மானேஜர் நெற்றியில் நாமமும் கையில் குடையுமாக வந்து, வழக்குக் கட்சிக்காரர் எதிராளி வீட்டு வாசலில் உட்காரக் கூடாதென்று விளக்கினார். தனுசு கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தம் ஊர் வழக்கத்தை அதே கவனத்தோடு மானேஜருக்கு விளக்கினார். ஒப்பந்தத்தில் சோற்றைப் பற்றி எங்கே இருக்கிறது என்றார் மானேஜர். ஊரை எழுதினால் சோறு தன்னால் வருகிறது, அதை எதற்குத் தனியாக எழுத வேண்டும் என்றார் தனுசு. மானேஜர் குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

உள்ளேயிருந்து முதலியாரின் மனைவி எட்டிப் பார்த்தாள். மணி பத்தரை இருக்கும்; குழம்பு கொதிக்கிற வாசனை வராந்தா வரை வந்திருந்தது.

"யாருங்க அது?"

"நம்ம மேலே கேஸ் போட்டவன்."

"சாப்ட்டாரா?"

முதலியார் மானேஜரைப் பார்த்தார்.

"சாப்பாட்டு வேளைக்கு வாசல்ல ஒக்காந்திருக்கறவரைத் தொரத்தற பழக்கம் எங்க மாமனார் காலத்துலயே இந்த வூட்ல கெடையாது. கேஸு கோர்ட்டுல. எலை இங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவளுக்கு வாரத்து மாட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

இப்படித்தான் தனுசு எதிராளி வீட்டில் தங்க ஆரம்பித்தார். முதலியார் ஒரு வாய்தாவுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டார். தனுசுக்குப் படுக்கை கொட்டகையில், பாட்டில் பெட்டிகளுக்கு நடுவில். மூன்று வேளையும் அரிசிச் சோறு. அவருக்கு அது காய்ச்சல்காரன் சாப்பாடு போலிருந்தது. களி இல்லாத வயிறு ஒரு வாரம் அடைத்துக்கொண்டது. ஆனாலும் இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்தால் சோற்றைக் குறை சொன்னதாகிவிடும். ராத்திரி கை கழுவிக்கொண்டு வந்து, திண்டில் சாய்ந்திருக்கும் முதலியார் முன்னால் நின்று, "நல்லாச் சாப்பிட்டனுங்க. தப்பு உங்க மேலதானுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவார். முதல் நாள் முதலியாருக்குக் கோபம் வந்தது. நான்காவது நாள் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொட்டகையில் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க இவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சும்மாத்தானே இருக்கே. அந்தப் பெட்டியை ஒரு கை புடியேன்" என்றார் முதலியார் ஒருநாள்.

"ஞாயம் முடியட்டுங்க. இப்பப் புடிச்சா நான் உங்க ஆளாயிடுவேன்."

கம்பெனி வக்கீலுக்கு இந்தக் குடித்தனம் தெரியாது. அவர் எப்போதும் செய்கிறதைச் செய்தார்: வாய்தா கேட்டார். மறுபடி கேட்டார். வெளியூர்க்காரனின் மடியில் இருப்பது எப்போது தீரும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. முதல் வாய்தா வாங்கிய அன்று சாயங்காலம் முதலியார் வீட்டுக்குத் திரும்பியபோது வராந்தாவில் துண்டு விரித்திருந்தது.

"இன்னாய்யா ஆச்சு கோர்ட்டுல?"

"வாய்தாங்க. உங்க வக்கீல்தானுங்க கேட்டாரு."

"எத்தினி நாளு?"

"அடுத்த பதினஞ்சாந் தேதிங்க. ஊருக்குப் போய்ட்டு வர்றது எதுக்குன்னு இங்கியே இருந்துடறேனுங்க."

முதலியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரத்தை எழுதின நாளிலிருந்து அவருக்கு ஊழியம் செய்த ஒன்று, தர்மபுரிக்கும் பட்டணத்துக்கும் நடுவிலிருந்த தூரம், அவர் வராந்தாவில் வந்து சுருண்டு படுத்துவிட்டது. தனுசுக்கு இது தெரியாது. அவர் முறைப்படி நடந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கமும் முறைப்படி நடக்கிறது என்று நம்பினார். முதலியாரைப் பற்றி அந்த நாட்களில் அவர் ஊருக்கு எழுதச் சொன்ன ஒரே கார்டில், ஞாயம் பிசகினாலும் மனுசர் மொறை பிசகாதவர் என்றிருந்ததாக மிக்கேலம்மாள் சொல்வாள்.

எசன்ஸ் வாங்க வெளியூர் வியாபாரிகள் கம்பெனிக்கு வருவார்கள். விழுப்புரத்துக்காரர் ஒருவர், நெல்லூர்க்காரர் ஒருவர். கொட்டகையில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் யார் என்று கேட்பார்கள். தனுசு மறைக்க ஒன்றுமில்லாதவராகச் சொல்வார்: தாலுக்கா முழுக்க என்று எழுதினார்கள், ஆற்றை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அந்த ஞாயம் நடக்கிறது, சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. விழுப்புரத்துக்காரர் பாட்டிலை மறந்து தன் ஒப்பந்தத்தைப் பற்றி முதலியாரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "எனக்கும் தாலுக்கான்னுதானே எழுதியிருக்கு? செஞ்சி அதுல சேர்ந்ததுதானே?" நெல்லூர்க்காரர் தெலுங்கில் அதையே கேட்டார்.

அன்று ராத்திரி தனுசு கை கழுவிக்கொண்டு வந்து நின்றார். "நல்லாச் சாப்பிட்டனுங்க. தப்பு—"

"போதும்யா" என்றார் முதலியார். "எழுதிக் குடுத்துடறேன். ஆறும் பென்னாகரமும் உனக்குத்தான். நாளைக்கே ஊருக்குப் போ."

"இங்க சொன்னா எப்படிங்க? கோர்ட்டுலதான் பேசணும்னு எழுதியிருக்குதுங்களே."

அவர் மனைவி இந்தத் தடவை உள்ளே ஓடக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே சிரித்தாள். இரண்டு வக்கீல்களும் ராஜி எழுதிக் கோர்ட்டில் கொடுத்தார்கள். தாலுக்கா முழுதும் என்பதில் பென்னாகரமும் ஒகேனக்கல்லும் அடங்கும். தீர்த்தகிரியின் ஒப்பந்தம் ரத்து. வீட்டுக்குத் திரும்பியதும் தனுசு கேட்காமலே ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். பிறகு இன்னொன்று. அன்றைக்குப் போக வேண்டிய சரக்கு முழுவதையும் ஏற்றிவிட்டுத்தான் ரயிலுக்குப் போனார். ஆனி மாதம் நடுவில் ஊர் வந்து சேர்ந்தார். கொஞ்சம் பெருத்திருந்தார். "மாமியார் வூட்டுக்குப் போன மாப்ளை மாதிரி வந்து நிக்கறதைப் பாரு" என்றாள் மிக்கேலம்மாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஆடிக்கு ஆறு அவருடையது. நேர்த்தி மெழுகுவத்தியை மிக்கேலம்மாள் இரண்டாக ஏற்றினாள்.

ஆவணியில் தீர்த்தகிரி கடைக்கு வந்தார். மோதிரம் இருந்தது, சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே பேசினார்.

"எனக்கும் அஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுத்தவன் தான அவன்? என்னை ஒரு வார்த்தை கேக்காம ரத்துன்னா, நான் வுட்டுடறதா? நானும் வழக்குப் போடறேன். என் எழுத்துலயும் கடைசியில பட்டணந்தான் போட்டுருக்கான்."

"அதானுங்களே மொறை" என்றார் தனுசு.

"நீ மாசக்கணக்கா அங்க எப்படிக் கெடந்தே? எங்க தங்குனே?"

மிக்கேலம்மாள் தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இவனும் போய் அந்த வராந்தாவில் உட்காருவான். இவனுக்கும் அந்த அம்மாள் இலை போடுவாள். ஒரு நாள் முதலியார் இவனுக்கும் போதும்யா என்று சொல்வார். ஆறு மறுபடி போகும்.

"சத்திரத்துலதான் தங்குனாரு" என்றாள். "எந்தச் சத்திரம்னு பேரு மறந்துபோச்சு."

தனுசு மெஷினைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் பேசி முடித்த பிறகும் பேசினார். "இல்லண்ணா. கம்பெனிக்காரர் வூட்டுலதான் தங்குனேன். சூளையில எறங்கி, அன்னம் மார்க்குன்னு கேட்டா சொல்லுவாங்க. வராந்தாவுல ஒக்காந்துக்கலாம். அந்தம்மா சோறு போடுவாங்க. வேலை மட்டும் எதுவும் செஞ்சுடாதீங்க."

தீர்த்தகிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

"எதிராளி வூட்டுல போய்ச் சோத்துக்கு ஒக்கார்றதா? அஞ்சு கடை நடத்துனவன்டா நான். என்னைப் பிச்சைக்காரன்னு நெனச்சியா?"

"ஞாயத்துச் சோறுங்ணா அது."

"எது வேணா பேர் வெச்சுக்க" என்று படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு மிக்கேலம்மாள் அன்று முழுவதும் தனுசோடு பேசவில்லை. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மட்டும் தொட்டியிலிருந்து கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

தீர்த்தகிரி வழக்குப் போட்டார். சென்ட்ரலுக்கு எதிரில் ஒரு ஓட்டலில் மாடி ரூம் எடுத்தார். கம்பெனி வக்கீல் வாய்தா கேட்டார். ஐப்பசியில் ஒரு தடவை போய் வந்தார். கார்த்திகையில் ஒரு தடவை. தையில் போனபோது விரலில் மோதிரம் இல்லை. அதற்குப் பிறகு போகவில்லை. கட்சிக்காரர் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடியானதாக சேஷகிரி ராவ் ஒருநாள் கடைப்பக்கம் வந்தபோது சொன்னார். மிக்கேலம்மாள் கேட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ஒரு லெமன் கலரை உடைத்து வக்கீல் கையில் கொடுத்தாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆடிப் பதினெட்டு. ஆற்றில் செந்நீர் வந்திருந்தது. துறைக்கு மேலே அன்னம் மார்க் பந்தல் ஒன்றுதான். கூட்டம் கொஞ்சம் விலகிய நேரத்தில் தீர்த்தகிரி பலகைக்கு முன்னால் வந்து நின்றார். ஆற்றில் முழுகிவிட்டு வந்த ஈரத்தலை.

"ஒண்ணு குடு."

தனுசு வலையை இழுத்து, சில்லென்றிருந்த ஒரு ரோஸை எடுத்துக் கோலியைத் தட்டிக் கொடுத்தார். தீர்த்தகிரி பாதி குடித்துவிட்டு நிறுத்தினார்.

"நீ சொன்ன அந்த வூட்டுக்கு நானும் போனேன்."

"எப்பண்ணா?"

"தையில. கடைசி தடவை. வாசல் வரைக்கும்."

"உள்ள போவலியா?"

"கூப்புடுவாங்கன்னு நின்னேன். எதுத்தாப்பல, வெத்தலைக்கடை ஓரமா."

"கூப்புட மாட்டாங்கண்ணா. நாமளாப் போயி ஒக்காரணும்."

"தெரியும். நீதான் சொன்னியே." மிச்சத்தையும் குடித்தார். "எனக்கு ஒக்கார வரல."

பாட்டிலைப் பலகைமேல் வைத்துவிட்டு ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே துறைப்பக்கம் இறங்கினார். பின்னால் நின்ற ஒரு பெண், தன் பிள்ளைக்கு எந்தக் கலர் வேண்டுமென்று அவனிடமே கேட்டுக்கொண்டிருந்தாள்.